நீர்வண்ணத்தில் ஒரு கிறிஸ்மஸ் அட்டை

சகோதரிகளே, லாயாங் லாயாங்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இந்த ஆண்டு கிறிஸ்மஸ் அட்டையைக் கையாலேயே செய்து அனுப்ப வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடிக்கிறார்களாம். வண்ணம் பூசினால் தாள் அப்பளம்போல் நெளிந்து விடுகிறது, மழை நாளில் காயவும் மாட்டேன் என்கிறது, பார்த்து வரைவதற்கு வீட்டில் இருக்கும் பழைய அட்டைகளில் எல்லாம் பனியும் கலைமானும்தான் இருக்கின்றன, என்ன செய்வது என்று கேட்கிறார்.

நெளிவுக்கும் ஈரத்துக்கும் வழி இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் அவர் கடிதத்தின் கடைசி வரியில் ஒரு செய்தி இருந்தது. அட்டை போகப் போவது ஜொகூர் பாருவில் மூத்த மகன் வீட்டில், அடுக்குமாடியில் இருக்கும் மாமியாருக்கு. தோட்டத்தில் பால் வெட்டியே பிள்ளைகளை வளர்த்தவர். லயன் வீட்டைக் காலி செய்து போன பிறகு ஊர்ப் பக்கம் அதிகம் வரவில்லையாம். அந்தப் பாட்டிக்குப் பனி விழும் ஊரைக் காட்டி என்ன ஆகப் போகிறது, சொல்லுங்கள். அவர் பார்க்க ஏங்குவது வேறொன்று. ஆகவே நெளிவைப் பிறகு பார்ப்போம். முதலில் எதை வரைவது என்பதை முடிவு செய்துகொள்வோம்.

கிறிஸ்மஸ் அட்டை என்றால் பனி இருந்தே தீர வேண்டும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். விற்பனைக்கென்று அச்சான முதல் கிறிஸ்மஸ் அட்டையில் பனியே கிடையாது. 1843ஆம் ஆண்டு லண்டனில் ஹென்றி கோல் என்பவர், பண்டிகைக் காலத்தில் வந்து குவியும் கடிதங்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லாமல், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் ஒரு படம் போட்டுத் தரச் சொன்னார். நடுவில் ஒரு குடும்பம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கோப்பையை உயர்த்துகிறது. இரு பக்கத்திலும் ஏழைகளுக்கு உணவும் உடையும் கொடுக்கும் காட்சி. அவ்வளவுதான். கோடுகளை அச்சடித்து, வண்ணத்தைக் கையால் தீட்டினார்கள். மிஞ்சியதை ஓர் அட்டை ஒரு ஷில்லிங் என்று விற்றார்கள். அன்றைய கூலிக்காரர் கைக்கு எட்டாத விலை அது. கையால் வண்ணம் தீட்டுவது, வீட்டு மனிதர்களை வரைவது இரண்டும் முதல் அட்டையிலேயே இருந்தன என்பதைக் கவனியுங்கள்.

பனியும் செம்மார்புக் குருவியும் பின்னால் வந்தவை. அந்தக் குருவி வந்த கதை சுவையானது. அந்நாளில் இங்கிலாந்தில் தபால்காரர்கள் சிவப்புச் சட்டை அணிந்தார்கள். ராபின் என்பது அவர்கள் வீட்டுத் தோட்டங்களில் திரியும், மார்பு சிவந்த சிறு குருவி. மக்கள் தபால்காரரையே ராபின் என்று செல்லமாகக் கூப்பிட, அட்டை வரைகிறவர்கள் அந்தக் குருவியின் அலகில் ஒரு கடிதத்தைக் கொடுத்து வரைந்தார்கள். அது நிலைத்துவிட்டது. அவர்கள் தங்கள் வாசலில் பார்த்த குருவியை வரைந்தார்கள். நாமோ நம் வாசலை விட்டுவிட்டு அவர்கள் குருவியை வரைகிறோம்.

லாயாங் லாயாங் வாசலில் என்ன இருக்கிறது? ஊர்ப் பெயரிலேயே இரண்டு படம் இருக்கிறதே! மலாய் மொழியில் லாயாங் லாயாங் என்றால் காற்றாடிப் பட்டம். புருங் லாயாங் லாயாங் என்றால் தகைவிலான் குருவி. நம் பெரியவர்கள் தரையில்லாக் குருவி என்பார்களே, அதுதான். ரெங்கத்துக்கும் கூலாய்க்கும் நடுவே ரயில் பாதையோரம் இருக்கும் ஒரு சிறிய ஊருக்கு இவ்வளவு அழகான பெயர். சுற்றிலும் உலு ரெமிஸ் போன்ற தோட்டங்கள், செம்பனைக் காடுகள்.

இதில் இன்னொரு பொருத்தமும் உண்டு. தகைவிலான்களில் நம் நாட்டிலேயே ஆண்டு முழுவதும் இருப்பவையும் உண்டு. ஆனால் அந்தி நேரத்தில் கடைத்தெருக் கம்பிகளில் கூட்டம் கூட்டமாக வந்து வரிசை பிடிக்கிறதே, அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி விருந்தாளிகள். சீனா, ஜப்பான், சைபீரியா பக்கத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தப்பி ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில் இங்கே வருகின்றன, மார்ச், ஏப்ரலில் திரும்பிப் போகின்றன. ஆக, கிறிஸ்மஸ் சமயத்தில் அவை இங்கேதான் இருக்கும். பனிக்காலத்தை விட்டு ஓடி வந்த பறவை நம் வீட்டுக் கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது, நாம் தேடிப் போய்ப் பனியை வரைவானேன்? முதுகு கருநீலம், வாலில் நீண்ட கவடு, தொண்டையில் செம்பழுப்பு. ராபினுக்கு மார்பில் இருக்கும் சிவப்பு இதற்குத் தொண்டையில் இருக்கிறது. கிறிஸ்மஸ் குருவியாவதற்கு வேறென்ன தகுதி வேண்டும்?

அடுத்து பட்டம். பெத்லகேம் நட்சத்திரத்தைச் சிலர் வாலோடு வரைவதைப் பார்த்திருப்பீர்கள். வேதத்தில் வால் பற்றிய பேச்சு இல்லை. இத்தாலியில் பாதுவா நகரத்துச் சிற்றாலயத்தின் சுவரில் 1305ஆம் ஆண்டு வாக்கில் ஜோத்தோ என்ற ஓவியர் மாட்டுக்கொட்டகைக்கு மேலே ஒரு வால் நட்சத்திரத்தையே தீட்டினார். 1301இல் வானத்தில் தெரிந்த ஹேலி வால் நட்சத்திரத்தைப் பார்த்த நினைவு அது என்று பலர் கருதுகிறார்கள். வாலுள்ள நட்சத்திரத்தையும் வாலுள்ள பட்டத்தையும் ஒன்றாக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. நம் அட்டையில் மேலே வானத்தில் ஒரு பட்டம், அதுவே நட்சத்திரம். கீழே கம்பியில் குருவிகள். அதற்கும் கீழே ஒரு வரிசைச் செம்பனை. மழைக்காலத்தில் யார் பட்டம் விடுகிறார்கள் என்று வீட்டுக்காரர் கேட்டால், பனிக்காலத்தில் யார் இங்கே வண்டியில் மான் பூட்டுகிறார்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

சரி, சாமான்களுக்கு வருவோம்.

தாள்தான் முக்கியம். நெளிவுக்குக் காரணம் பிள்ளையின் கை அல்ல, மெல்லிய தாள். பள்ளிக்கூடத்து வரைதாள் தண்ணீரைக் குடித்ததும் உப்புகிறது. காயும்போது ஓரிடம் முந்தி, ஓரிடம் பிந்திச் சுருங்குகிறது. மேடு பள்ளம் ஆகிவிடுகிறது. எழுதுபொருள் கடையில் நீர்வண்ணத் தாள் என்று கேளுங்கள். கட்டின் மேல் ஜிஎஸ்எம் என்று ஓர் எண் போட்டிருக்கும். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் நிற்கும் என்பது அது. 300 இருந்தால் நிம்மதி. 200 இருந்தாலும் சமாளிக்கலாம். விலை சற்றுக் கூடத்தான், ஆனால் முழு அட்டையையும் அந்தத் தாளில் செய்ய வேண்டும் என்று யார் சொன்னது? படத்தை மட்டும் அதில் தீட்டி, மடித்த மணிலா அட்டையின் மேல் ஒட்டினால் போதும். ஓர் ஏ4 தாளில் 9 சென்டிமீட்டருக்கு 13 சென்டிமீட்டர் அளவில் நான்கு துண்டு தாராளமாக வரும். ஒன்று கெட்டாலும் அழ வேண்டியதில்லை, கெடுவது துண்டுத் தாள்தான்.

வண்ணத்தில் நீலம், மஞ்சள், சிவப்பு, பழுப்பு ஆகிய நான்கு டியூப் போதும். வெள்ளை வேண்டாம். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது வண்ணம் படாமல் விட்ட தாள்தான். முதலில் இது விளங்காமல் எல்லாரும் மிரளுவார்கள். விளங்கிவிட்டால் பாதி வித்தை கைவந்த மாதிரி. கறுப்பு டியூபையும் மூடியே வையுங்கள். அது படத்தில் ஓட்டை விழுந்தாற்போல் காட்டும். நீலத்தோடு பழுப்பைக் கெட்டியாகக் குழைத்தால் உயிருள்ள கருமை கிடைக்கும். பிள்ளைகள் வாங்கும் டியூப்களில் சில சுண்ணாம்புக் குழம்புபோல் மங்கலாக இருக்கும். அவற்றில் ஒரு பச்சைப்பயறு அளவு பிதுக்கி, தண்ணீரைத் தாராளமாகச் சேருங்கள்.

ஆறாம் நம்பர் வட்டப் பிரஷ் ஒன்று, இரண்டாம் நம்பர் ஒன்று. தண்ணீருக்கு இரண்டு பாத்திரம் வேண்டும், ஒன்று போதாது. ஒரு மைலோ டின்னில் பிரஷைக் கழுவுங்கள்; மற்றொன்றில் இருப்பது நல்ல தண்ணீராகவே இருக்கட்டும். இவற்றோடு மாஸ்கிங் டேப், துடைக்கப் பழைய பருத்தித் துணி, வெள்ளை மெழுகுவர்த்தித் துண்டு ஒன்று. மின்சாரம் போகும்போது ஏற்றி வைத்து மிஞ்சிய துண்டே போதும். வண்ண மெழுகு கூடாது.

இப்போது துண்டுத் தாளை ஒரு பிளைவுட் பலகையில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு முன் டேப்பை உங்கள் பாவாடையிலோ துணியிலோ ஒரு முறை ஒட்டி எடுத்தால், பசை கொஞ்சம் குறைந்து, பிறகு உரிக்கும்போது தாள் கிழியாது. விளிம்பு நான்கும் பிடிபட்டிருப்பதால் ஈரத்தில் உப்பிய தாள் காயும்போது உடுக்கைத் தோல்போல் இழுத்துக்கொண்டு நிற்கும். நெளிவு தொலைந்தது. உரித்த பிறகு சுற்றிலும் ஒரு வெள்ளைக் கரை இருக்கும், அதுவும் அழகு.

மெழுகுவர்த்தியின் உடைந்த முனையால் மேல் பாதியில் ஒரு சாய்சதுரம் வரையச் சொல்லுங்கள். உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு. பட்டத்துக்கு அது மூங்கில் ஈர்க்கு, நட்சத்திரத்துக்கு அது ஒளி. கோட்டைச் சாய்சதுரத்துக்கு வெளியேயும் கொஞ்சம் நீட்டினால் நட்சத்திரம் மின்னும். கீழ் முனையிலிருந்து வளைந்து வளைந்து ஒரு வால். நன்றாக அழுத்தி வரைய வேண்டும். வெள்ளைத் தாளில் வெள்ளை மெழுகு கண்ணுக்குத் தெரியாது. தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் மினுக்கம் தெரியும். மெழுகை அழிக்க முடியாது, ஆகவே குப்பைத் தாளில் இரண்டு முறை பழகிவிட்டு வரட்டும். மழைக் கோடு வேண்டுமென்றால் சாய்வாக நாலைந்து இழுப்பு. அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்தது வானம். பெரிய பிரஷால் நல்ல தண்ணீரைத் தாள் முழுவதும் பூசுங்கள். குளம் கட்டக் கூடாது, பளபளவென்று இருந்தால் போதும். மஞ்சளை மிகவும் நீர்க்கக் கரைத்து, அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு இடமிருந்து வலமாக இழுத்து விடுங்கள். பிரஷைக் கழுவி, நீலத்தை மேல் விளிம்பில் கெட்டியாகத் தொடங்கி, ஒவ்வோர் இழுப்பிலும் தண்ணீரைக் கூட்டிக் கீழே வாருங்கள். மஞ்சளைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்னமே நிறுத்திவிட வேண்டும். தொட்டால் அந்தி வானம் பச்சையாகிவிடும். அந்த இடைவெளியில் சிவப்பைத் துளியூண்டு கரைத்து விடலாம். அது மஞ்சளோடு சேர்ந்து ஆரஞ்சாகவும் நீலத்தோடு சேர்ந்து ஊதாவாகவும் மாறும்.

நீலம் மெழுகின் மேல் ஓடும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். மெழுகு தண்ணீரை ஏற்காது. வண்ணம் விலகிப் போக, ஒன்றுமே இல்லாதிருந்த தாளில் பட்டம் வெள்ளை வெளேரென்று எழுந்து வரும். எத்தனை முறை செய்தாலும் எனக்கும் இது வியப்பாகத்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் நிறுத்துங்கள். நிறுத்துவதுதான் நீர்வண்ணத்தில் பெரிய கஷ்டம். இன்னும் கொஞ்சம் சரி செய்யலாமே என்று பாதி காய்ந்த வானத்தில் ஈரப் பிரஷை வைத்தால், புதுத் தண்ணீர் பழைய வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் காலிஃபிளவர் பூப்போல ஒரு கறை போட்டுவிடும். அதை யாராலும் எடுக்க முடியாது. பூச்சு மினுமினுக்கும் வரை திருத்தலாம். மினுக்கம் அடங்கிவிட்டால் கையைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

டிசம்பரில் ஜொகூரில் எதுவும் சீக்கிரம் காயாது. வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற மாதம், காற்றே ஈரம். வெயில் நாளில் கால் மணியில் காய்வது அடைமழை நாளில் ஒரு மணிக்கு மேலும் இழுக்கும். பார்வைக்குக் காய்ந்தாற்போல் இருக்கும், நம்ப வேண்டாம். புறங்கையைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். முடி உலர்த்தும் கருவி இருந்தால் குளிர்காற்றை மட்டும் பயன்படுத்துங்கள். சூடான காற்றில் மெழுகு இளகித் தாளில் எண்ணெய்க் கறைபோல் பரவிவிடும். அடுப்பங்கரைப் பக்கமே கொண்டு போக வேண்டாம்.

ஈரப் பூச்சின் மேல் கல் உப்பைத் தூவிப் பூப்பூவாகத் தோற்றம் வரச் செய்யும் ஒரு முறை உண்டு. குளிர்நாடுகளில் பனித்துளி காட்ட அதைச் செய்வார்கள். நம் நாட்டுக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும் சாமான். மழைக்காலத்தில் நம் வீட்டு உப்பு ஜாடி எப்படிக் கசிகிறது என்று பார்க்கிறோமே! தாளில் தங்கும் உப்பும் அப்படித்தான். அட்டை என்றைக்கும் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.

வானம் காய்ந்தாயிற்றா? இனிக் குருவிகள். கம்பியைப் பிரஷால் இழுக்க முயல வேண்டாம். பென்சிலை நன்றாகச் சீவி, மஞ்சள் வானத்தின் குறுக்கே ஒரே மூச்சில் ஒரு கோடு. அளவுகோல் கூடாது, இரண்டு கம்பத்துக்கு நடுவே கம்பி கொஞ்சம் தொய்ந்துதானே நிற்கும்? கம்பியை ஒட்டி, குருவி உட்காரும் இடங்களில் முதலில் சிவப்பும் பழுப்பும் கலந்து கடுகைவிடச் சற்றுப் பெரிய புள்ளிகள் வைத்துக் காய விடுங்கள். தொண்டை அது. நீர்வண்ணத்தில் வெளிர் முன்னே, கருமை பின்னே. கருமையின் மேல் சிவப்பு வைத்தால் தெரியாது. காய்ந்த பிறகு சிறிய பிரஷில் கருநீலம் எடுத்து, அந்தப் புள்ளியை விட்டுவிட்டு, மேலே ஒரு சிறு உருண்டைத் தலை, கீழே நெல்மணிபோல் சாய்ந்த உடல், கம்பிக்குக் கீழே மயிரிழையாய் இரண்டு வால். ஒரு குருவிக்கு நாலு தொடுப்புதான். அலகு, கண், கால் எல்லாம் போட உட்கார்ந்தால் காக்கையாகிவிடும்.

எத்தனை குருவி என்று பிள்ளைகளே முடிவு செய்யட்டும். எனக்குத் தெரிந்து எல்லாப் பிள்ளைகளும் வீட்டு ஆட்களை எண்ணித்தான் போடுவார்கள். இது அப்பா, இது அம்மா, இது தம்பி என்று பெயரும் வைப்பார்கள். பாட்டியும் அந்தக் கம்பியில் இருக்கட்டும். ஜொகூர் பாருவில் அட்டையைக் கையில் வாங்கியதும் அவர் முதலில் எண்ணப் போவது அதைத்தான்.

கடைசியில் அடிவிளிம்பில் செம்பனை வரிசை. பிரஷில் கரும்பச்சை, அதாவது நீலம், மஞ்சள், கொஞ்சம் பழுப்பு. நடுவிலிருந்து வெளியே நோக்கி விசிறிபோல் ஆறேழு இழுப்பு, அதுதான் ஒரு மரம். அப்படி நாலைந்து, உயரம் மாற்றி மாற்றி. பாட்டி பால் வெட்டிய காலத்து ரப்பர் மரந்தான் வேண்டும் என்றால், நேரான வெளிர் தண்டுகளை வரிசையாக விட்டு மேலே இலைக்கூட்டத்தைப் புள்ளி புள்ளியாகத் தட்டலாம். அது சற்றுப் பொறுமை கேட்கும். நம் நாட்டில் நீர்வண்ணத்துக்குப் பெயர்பெற்ற யோங் முன் சென் (1896-1962) பினாங்கில் இருந்துகொண்டு தென்னையும் கம்பமும் மீனவர் குடிசையுமாகத் தீட்டித் தள்ளினார். நமக்கு மட்டும் பைன் மரம் எதற்கு?

என் பிள்ளைக்கு ஓவியம் வராது என்று சொல்லும் அம்மாமார்களுக்கு ஒரு செய்தி. யூனிசெஃப் நிறுவனம் வெளியிட்ட முதல் வாழ்த்து அட்டை, 1949இல் வந்தது, ஒரு சிறுமி போட்ட படந்தான். செக்கோஸ்லோவாக்கியாவில் ஒரு சிற்றூரில், போருக்குப் பிறகு தங்கள் ஊருக்கு உதவி வந்ததற்கு நன்றி சொல்ல ஏழு வயது ஜிட்கா சம்கோவா ஒரு படம் தீட்டி அனுப்பினாள். தாள் கிடைக்காததால் கண்ணாடியில் தீட்டினாளாம். நம்மிடம் தாளாவது இருக்கிறது.

டேப்பை முழுவதும் காய்ந்த பிறகே உரியுங்கள். படத்துக்கு வெளிப்பக்கமாக, சாய்வாக, மெதுவாக. அவசரப்பட்டால் தோலும் சேர்ந்து வரும். ஏற்கனவே மெல்லிய தாளில் தீட்டி நெளிந்து போனவை இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். பின்பக்கத்தை ஈரத்துணியால் லேசாக ஒற்றி, இரண்டு சுத்தமான தாளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி ஓர் இரவு விடுங்கள். பெரும்பாலும் படிந்துவிடும்.

மணிலா அட்டையை 21 சென்டிமீட்டருக்கு 14.8 என்று வெட்டி இரண்டாக மடித்தால், கடையில் கிடைக்கும் 11.4க்கு 16.2 உறையில் சரியாக நுழையும். மடிக்குமுன் எழுதித் தீர்ந்த பந்துமுனைப் பேனாவால் அளவுகோலை வைத்து ஒரு கோடு அழுத்திவிட்டால் மடிப்பு வெடிக்காது. எந்தப் பக்கம் வளைத்தால் அட்டை எளிதாக வளைகிறதோ அந்தப் பக்கமாகவே மடியுங்கள். படத்தை ஒட்டக் கோந்துக்குச்சியோ இருபக்க டேப்போ நல்லது. தண்ணீர்ப் பசையோ சோற்றுப் பசையோ போட்டால் இவ்வளவு நேரம் தவிர்த்த நெளிவு திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒட்டுமுன் உள்ளே எழுதிவிட வேண்டும். எழுத்து கெட்டால் அட்டை மட்டும் போகும், படம் தப்பும். பென்சிலால் மெல்லிய வரி போட்டுக்கொண்டு பந்துமுனைப் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். மை பேனா கசியும். கிறிஸ்து பிறப்பு விழா நல்வாழ்த்துகள் என்று தமிழில் எழுதட்டும். தேசியப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் சிலர் செலாமாட் ஹாரி கிரிஸ்மஸ் என்று மலாயில் சுலபமாக எழுதிவிட்டு, தமிழ் என்றதும் பேனாவைக் கடிப்பார்கள். பாட்டிக்கு வாசிக்கத் தெரிந்தது தமிழ் ஒன்றுதான் என்று நினைவுபடுத்துங்கள். வாழ்த்தோடு நிறுத்தாமல் ஊர்ச் செய்தி ஒரு வரி சேரட்டும்: கம்பியில் குருவி வந்துவிட்டது, பக்கத்து வீட்டு ரம்புத்தான் இந்த முறை நன்றாகக் காய்த்தது, இப்படி ஏதாவது. ஓர் ஒற்றெழுத்து விட்டுப் போனாலும், லகரம் ளகரம் மாறிப் போனாலும், அம்மாக்கள் மேலே திருத்தி எழுதக் கூடாது. கைப்பேசியில் ஒரே படம் நாற்பது பேருக்குப் போகிறது. அதில் எழுத்துப் பிழை கூட இல்லை, யார் எழுதியது என்றும் தெரியவில்லை.

அனுப்பும் விஷயத்தில் கொஞ்சம் எச்சரிக்கை. நீர்வண்ணம் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரையும். தபால்காரரும் மழையில்தான் வருகிறார். உறைக்குள் அட்டையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்; முழுக்கக் காயாமல் மூடினால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டு அட்டைகளைப் படத்தோடு படம் முட்ட அடுக்காதீர்கள், மெழுகு ஒட்டிக்கொள்ளும். விலாசத்தையும் பந்துமுனைப் பேனாவாலேயே எழுதுங்கள். உள்ளூருக்கு டிசம்பர் முதல் வாரத்தில் போட்டுவிட்டால் கவலையில்லை. கடல் கடந்து போக வேண்டியவற்றை நவம்பரிலேயே முடித்துவிடுங்கள்; அஞ்சல் நிலையத்தில் எடை போட்டுப் பார்த்தே தபால்தலை ஒட்டுங்கள், கையால் செய்த அட்டை கடை அட்டையைவிடக் கனம். பாட்டியிடம் சொல்லி வையுங்கள், அட்டையை ஜன்னலோரம் வெயில் படும் இடத்தில் மாட்ட வேண்டாம். பள்ளி வண்ணங்கள் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும்.

ஏ4 தாளில் நான்கு துண்டு என்றேன். எல்லாவற்றையும் கிறிஸ்மஸுக்கே செலவழித்துவிடாமல் இரண்டை எடுத்து வையுங்கள். தை பிறக்கும்போதும் தகைவிலான்கள் அந்தக் கம்பியில்தான் இருக்கும். மெழுகால் பட்டத்துக்குப் பதில் ஒரு பானையும் இரண்டு கரும்பும் வரைந்து, நீலத்தைக் குறைத்து மஞ்சளைக் கூட்டினால் பொங்கல் அட்டை தயார். கரும்புத் தோகையை மெழுகில் எப்படி இழுப்பது என்பதை அடுத்த இதழில் சொல்கிறேன்.